பின்காற்றுக்கு ஒரு பட்டுப் பாய்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
12-1-1973, மார்கழி கடைசி வெள்ளி.

சிரஞ்சீவி மைத்துனர் குமாரவேலுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரர் தனசேகரன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. காமாட்சி புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்காள் பெரியநாயகியும் சுகம். என் இடது முழங்கையும் நம் வீட்டு டிபன் கேரியரின் மேல் அடுக்கும் மட்டும் அத்தனை சுகமில்லை. சென்னையில் நீயும், துறைமுகப் படகுப் பட்டறையில் உன்னோடு வேலை செய்கிறவர்களும், உங்கள் மேஸ்திரியின் மூட்டு வலியும் எப்படி என்று எழுதவும்.

தை அமாவாசை கழித்து வரும்போது படகுக்கு எந்தப் பாயைக் கொண்டுவரட்டும் என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம்தான். ஆனால் ஒரு வரியில் எழுதினால், "மாமா வழக்கம்போல ஏதோ வம்பு பண்ணியிருக்கிறார்" என்று நீ நினைத்துக்கொள்வாய். நடந்ததைத் தெரிந்துகொண்டே நினைத்துக்கொள், ஆகவே முழுக்க எழுதுகிறேன்.

பட்டு நெசவாளர் சங்கத்தில் நான் ஓய்வு பெற்றபோது மற்றவர்கள் எனக்குச் சால்வை போட்டார்கள். நீ படகு அனுப்பினாய். எவரோ வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது உங்கள் பட்டறையில் விட்டுவிட்டுப் போன பாய்மரப் படகை லாரியில் ஏற்றி, தென்னேரி ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, "மாமா வீட்டுல சும்மா குந்தினு இருந்தா அக்கா உசுரை எடுத்துடுவாரு" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டும் போனாய். அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தப் படகு இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதில்லை. காரணத்தை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் நானும் உன் அக்காளும் பேசுவது மொத்தம் "சாப்பிடலாமா", "ஆச்சு" இந்த இரண்டுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் துணியோடு போனேன், துணியோடு வந்தேன், பேச்சு பழகவில்லை. படகில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு எங்கிருந்தோ வாய் திறக்கிறது. கொக்கைப் பார்த்துப் பேசுவாள், தண்ணீரைப் பார்த்துப் பேசுவாள், நடுவில் ஒரு வார்த்தை என்னைப் பார்த்தும் பேசுவாள். அவள் வராவிட்டால் அது வெறும் மரக்கட்டை. உன் பாய்க் கேள்விக்குப் பின்னால் எனக்கு இருக்கும் கவலை இது ஒன்றுதான்.

இனிக் காற்றுக்கு வருகிறேன். காற்று பக்கவாட்டில் வந்தால் படகு சமர்த்தாகப் போகிறது. மார்கழியில் வாடைக்காற்று முதுகுக்குப் பின்னால் வந்தால்தான் தொல்லை. முன்னால் இருக்கும் சின்னப் பாய் துவண்டுவிடுகிறது. பெரிய பாய் ஒரு பக்கமாக விரிந்து நின்று படகைத் தாலாட்டுகிறது. தாலாட்டிக்கொண்டே இருந்து, நாம் அசந்த நேரத்தில் அதன் அடியோரத்தில் கட்டிய கட்டை மறுபக்கம் பாய்ந்து வீசுகிறது. கார்த்திகையில் அப்படி வீசியபோதுதான் டிபன் கேரியர் அடிபட்டது, அதைப் பிடிக்கப் போன முழங்கையும் அடிபட்டது. இதைக் கேள்விப்பட்டுத்தான் பின்காற்றுக்கென்றே தனிப் பாய் வேண்டும் என்று நீ எழுதினாய். பலூன் மாதிரி உப்பி, ஒரு ஓரத்தைக் கழியால் தள்ளிப் பிடிக்கும் பெரிய பாய் ஒன்று. இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியும் ஜோடிப் பாய் ஒன்று. எதுவும் வேண்டாமென்றால், இருக்கிற முன்பாயையே ஒரு மூங்கில் கொம்பால் விரித்துப் பிடித்துக்கொள்ளும் வழி ஒன்று. இதில் எது வேண்டும் என்று கேட்டு, மாதிரிக்கு ஒரு துண்டு நைலான் துணியும் உறைக்குள் வைத்திருந்தாய்.

அந்தத் துண்டைத்தான் நீ வைத்திருக்கக்கூடாது.

உனக்கே தெரியும், சங்கத்தில் என் உத்தியோகம் இரண்டு விரலால் செய்கிற உத்தியோகம். நெசவாளர் கொண்டுவரும் புடவையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தால் எடை தெரியும், இழை தெரியும், வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையா என்பதுகூடத் தெரியும். கனம் இல்லாத துணியை நான் துணி என்று ஒப்புக்கொண்டதே இல்லை. உன் நைலானைத் தேய்த்தேன். விரலில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. இப்போது பெண்கள் கட்டிக்கொண்டு திரிகிறார்களே நைலெக்ஸ், அதற்குத் தங்கச்சி. இதை நம்பி நடு ஏரிக்கு உன் அக்காளை அழைத்துப் போவதா? அவள் வாங்கிப் பார்த்து, "லேசா இருக்குது, நல்லாத்தானே இருக்குது" என்றாள். நெசவுக் குடும்பத்தில் பிறந்த பெண் இப்படிச் சொல்லலாமா என்று எனக்கு மனது விட்டுப்போயிற்று. அன்று சாயங்காலமே நான் நம் தெருக்கோடி பூவராகவன் வீட்டுக்குப் போய், பட்டில் ஒரு பாய் நெய்யச் சொல்லிவிட்டேன்.

பட்டு எங்கிருந்து வந்தது என்று பதறாதே. அரக்குச் சாயம் சரியாக ஏறவில்லை என்று கடைக்காரர் திருப்பிவிட்ட பாவு நூல் ஒன்று அவரிடம் கேட்பாரற்றுக் கிடந்தது. பாய்தானே, ஓரம் எதுவும் வேண்டாம், வெறும் உடல் மட்டும் நெய்யுங்கள் என்று சொன்னேன். பூவராகவன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கரை இல்லாத துணியை நெய்யச் சொல்றியேபா, நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்றார். நான் யோசித்தேன். நியாயமாகத்தான் பட்டது. கரை போடச் சொன்னேன். கரை என்றால் அவருக்குக் கோர்வைக் கரைதான். கரை தனி நிறம், உடல் தனி நிறம், இரண்டும் கோத்து வரவேண்டும். அதற்குத் தறியில் ஒரு ஆள் போதாது. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட அவர் வீட்டம்மாள் எல்லம்மாள். கரை வந்ததும் முந்தானை இல்லாமல் எப்படி என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. தறியில் சேலை அகலத்துக்கு மேல் வராது என்பதால் மூன்று துண்டு நெய்து பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைப்பதாக ஏற்பாடு. ஆகவே மூன்று முந்தானை. முந்தானை வந்தபின் ரவிக்கைத் துண்டு விடாமல் இருக்க அவருக்குக் கை வரவில்லை. அதை வெட்டிப் பாய்மரத்து உச்சியில் கொடியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நானே சமாதானம் சொன்னேன்.

நெய்து முடிகிற வரைக்கும் உன் அக்காள் தினமும் அங்கே போய்விடுவாள். தறி ஓரமாக முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவதாகப் பேர். பூவராகவனும் எல்லம்மாளும் தறியின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு நாள் முழுக்க, "வுடு", "வந்துச்சா", "வந்துச்சு, நீ வுடு", "கொஞ்சம் இழுத்துக்க", "இழுத்துக்கினுதானே கீறேன்" என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே குழம்புக்கு என்ன, சம்பந்தி என்ன சொன்னார் என்பதும் வரும். உன் அக்காள் அதைக் கேட்டுவிட்டு முகம் மலர வீட்டுக்கு வருவாள். பட்டைப் பார்த்த சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாய் தயாரானதும் தேய்த்துப் பார்த்தேன். என் சர்வீஸில் அப்படி ஒரு கனம் நான் கண்டதில்லை. உன் அக்காள் மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். வெள்ளை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை வாலாஜாபாத் பஸ் ஏறினோம். சரிகை ஓரம் வெளியே தெரிந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள், "மார்கழியில யார் வூட்டுல கல்யாணம்?" என்று கேட்டார். படகுக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

ஏரி ததும்பி நின்றது. மற்ற பாய்களைச் சுருட்டிவிட்டு, நம் பட்டை ஒரு குறுக்கு மூங்கிலில் கட்டி, முந்தானை மூன்றும் மேலே வர இழுத்து ஏற்றினோம். நான் பின்னால் சுக்கான். உன் அக்காள் கையில் மேல் கயிறு. அதைப் பிடித்திருந்தால் பாய் நிற்கும், விட்டால் மூங்கிலோடு கீழே இறங்கிவிடும். அவ்வளவு சுலபமான ஏற்பாடு. காற்று இருந்தது, ஆனால் மெல்லிய காற்று. உன் நைலானாக இருந்தால் அதற்கே உப்பியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. நம் பட்டு கல்யாண மண்டபத்துத் திரை மாதிரி நேராகத் தொங்கியது, ஒரு சுருக்கம் விழவில்லை. துணி என்ற வகையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படகு நகரவே இல்லை. புளியோதரை சாப்பிட்டோம். நீந்திக்கொண்டிருந்த எருமை ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று.

"அது இன்னா கட்டிக்கினு போவுது, கேட்டுச் சொல்லுங்க" என்றாள் உன் அக்காள். எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது.

அப்புறம் காற்று எழுந்தது. எழுந்ததென்றால் சொல்லிக்கொண்டா வந்தது? அவ்வளவு கனமான துணி ஒரு தரம் உப்பியதும் திரும்பப் படியவில்லை. படகு முன் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேற்குக் கரையைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. நான் சுக்கானில் தொங்கினேன். நாணல் நெருங்கிக்கொண்டே வந்தது. "கயிறை வுடு! பாயை இறக்கு!" என்று கத்தினேன்.

"வுட்டா தண்ணியில வுழுந்துடுமே!" என்றாள்.

"வுழட்டும்!"

"பட்டுங்க! சாயம் போயிடுங்க!"

குமாரவேலு, நீ கடல் பார்த்தவன், உன்னால் இதைப் புரிந்துகொள்ள முடியாது. பட்டுப் புடவையைத் தண்ணீரில் விடு என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அவள் அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கும் அந்த அரக்கும் அந்தக் கோர்வையும் சேற்றுத் தண்ணீரில் ஊறுவது கண்ணில் வந்தது. "ஆமாம், வுடாதே, கெட்டியா புடிச்சுக்கோ!" என்று நானே கத்தினேன். கண்ணை வேறு மூடிக்கொண்டேன். ஆக, படகை நிறுத்த இருந்த ஒரே வழியைப் புருஷனும் பெண்டாட்டியும் மனமொத்து அடைத்துவிட்டோம்.

மேற்குக் கரையில் ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு, நீயும் பார்த்திருக்கிறாய். மார்கழி வெள்ளி என்பதால் அன்று அங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் தலை தெரியவில்லை, படகும் தெரியவில்லை. அரக்குப் பட்டு, பச்சைக் கரை, சரிகை முந்தானை, உச்சியில் ரவிக்கைத் துண்டு. இவை மட்டும் நட்ட நடு ஏரியிலிருந்து வெயிலில் மின்னிக்கொண்டு நேராகக் கோயிலைப் பார்த்து வந்தன. பொன்னியம்மாள் என்று ஒரு அம்மாள், "ஆத்தா தெப்பத்துல வர்றாடி!" என்று கூவியது என் காதில் விழுந்தது. அடுத்த நிமிஷம் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் நாணலைப் பிளந்துகொண்டு சேற்றில் போய்ச் செருகியபோது தேங்காய் உடைந்தது. மூங்கில் சாய்ந்து பட்டு முழுவதும் உன் அக்காள் தலைமேல் விழுந்தது. அவள் அதை முக்காடு மாதிரி விலக்கிக்கொண்டு, மஞ்சள் பூசிய முகமும் பெரிய பொட்டுமாக எழுந்து நின்றாள். கரையில் இருந்தவர்கள் மொத்தமாகக் கும்பிட்டார்கள். நான் வாயைத் திறந்து விவரம் சொல்வதற்குள் அவள் கையைத் தூக்கி, "எல்லாரும் நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

பூசாரி முனிசாமி கிட்டே வந்து பார்த்ததும் விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கினாலும் அவர் பட்டை விடுவதாக இல்லை. "அம்மன் வாசல்ல வந்து எறங்குன துணிபா. திருப்பி எட்துனு போவலாமா, நீயே சொல்லு" என்றார். என் விரல் தானாகவே கடைசியாக ஒரு முறை தேய்த்துப் பார்த்தது. கொடுத்துவிட்டேன். தையலைப் பிரித்து மூன்று வெள்ளிக்கு மூன்று சேலையாகச் சாத்தப் போகிறார்களாம். ரவிக்கைத் துண்டைப் பொன்னியம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்களுக்குப் பொங்கலும் சுண்டலும் கொடுத்து, சேற்றிலிருந்து படகை ஊரே சேர்ந்து தள்ளிவிட்டது. சொன்னால் பூவராகவன் கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். "அம்மனுக்கா? முந்தானை இன்னும் ஒரு விரல்கடை போட்டிருப்பேனே!" என்று வருத்தப்பட்டார்.

இத்தனையும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வராத இடம் இனிமேல்தான். அன்று வீடு திரும்பியதிலிருந்து உன் அக்காள் படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிபன் கேரியரைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை, போகலாமா என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே இருந்துவிட்டேன். பயந்துவிட்டாள் குமாரவேலு. என் விரலை நம்பி அவளைப் பயமுறுத்திவிட்டேன்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். அந்தப் பலூன் பாயைக் கண்ணிலும் காட்டாதே. அதற்குக் கழியை ஒருவர் தள்ள வேண்டும், கயிற்றை ஒருவர் இழுக்க வேண்டும், சுக்கானை ஒருவர் பிடிக்க வேண்டும். நாங்கள் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒரு ஆள் சோற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜோடிப் பாயும் வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு, எது யார் கையில் என்று எனக்கே குழம்பும். இருக்கிற முன்பாயையே விரித்துப் பிடிக்க நல்ல மூங்கில் கொம்பு ஒன்று மட்டும் கொண்டு வா. மெதுவாகப் போனால் போகட்டும். அதை நான் ஒருவனே கட்டுவேன், ஒருவனே அவிழ்ப்பேன். உன் அக்காள் கையில் ஒரு கயிறுகூட வராது. அவள் மகாராணி மாதிரி நடுவில் உட்கார்ந்து கொக்கைப் பார்த்துக்கொண்டு வந்தால் போதும். வந்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன், கவனித்துக்கொள். நீயே வந்து அவளைக் கேள். உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். நீ கேட்டும் வரமாட்டேன் என்றால், வந்த லாரியிலேயே படகை ஏற்றிக்கொண்டு போய்விடு. அது ஏரியில் சும்மா மிதப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. உன் வீட்டாருக்கு எங்கள் ஆசிகள், பெரியவர்களுக்கு நமஸ்காரம், மேஸ்திரியின் மூட்டுக்கு வேப்பெண்ணெய். பொங்கல் உன் வீட்டில் பானை நிறையப் பொங்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
தனசேகரன்.

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டபோது உன் அக்காள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். எருமை வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், டிபன் கேரியர் பரண் ஏறிய இடத்தில் நிறுத்தினாள். "யாருங்க பயந்தது? கண்ணை மூடிக்கினு இருந்தது நீங்க. நான் தொறந்துக்கினுதான் இருந்தேன்" என்றாள். டிபன் கேரியர் நசுங்கியிருந்ததால் பரணில் போட்டாளாம், புதிது வாங்கித்தர நான் கேட்பேன் என்று பார்த்தாளாம். ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "கூப்பிடுவீங்கன்னு பார்த்துக்கினே இருந்தேன். நீங்க சாப்பிடலாமான்னு கேட்டீங்க" என்றாள்.

மூங்கில் கொம்பு வேண்டாமாம். பலூன் பாய்தான் வேண்டுமாம். இருப்பதே இரண்டு பேர், அத்தனை வேலையை எப்படிச் செய்வது என்று கேட்டேன். "அதுக்குத்தாங்க கேக்கறேன். மூங்கிக் கொம்புன்னா நீங்க பாட்டுக்குக் கட்டிட்டு வாயை மூடிக்கினு குந்திடுவீங்க. பெரிய பாயின்னா நீங்க இழுங்கன்னு நான் சொல்லணும், வுட்டாச்சான்னு நீங்க கேக்கணும். எல்லம்மா அக்கா தறியாட்டம் பேசிக்கினே இருக்கணும். இல்லாட்டி கவுந்துடுவோம்" என்றாள். சுக்கானும் இனி அவளிடம்தானாம்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, பலூன் பாயையே கொண்டு வா. நைலானே இருக்கட்டும். இப்போது கூடத்தில் துணி காயப்போடும் கொடியில் போர்வையைக் கட்டி ஒத்திகை நடக்கிறது. இதை ஒரு கையால்தான் எழுதுகிறேன், மறு கையில் கயிறு. அடுப்பில் உலை வைத்தது எப்போதோ கொதித்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.